திரும்பி வருவதற்கு அத்தாட்சி

கேள்வியைக் கேட்டதும் ஹப்ஸா பேனாவை மூடிவிடுவார். திறந்த பேனாவைக் கண்டால் ஆட்கள் பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பதுபோலப் பேசுகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. "பயப்படாமச் செல்லுங்க, நான் இன்னம் எழுதல்ல."

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே, தம்பி ஹிஷாமின் போட்டோகொப்பிக் கடையில் அவருக்கு ஒரு மேசை. பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம் எல்லாவற்றையும் தாளில் எழுதுவார். ஹிஷாம் கணினியில் ஏற்றுவான். தொலைபேசியில் அரசாங்க அலுவலகமான கந்தோரில் இருப்பவர்களோடு சிங்களத்தில் சிரித்துப் பேசுவார். வைத்ததும் தமிழில் ஏசுவார். வந்தவர் சொல்லாத எதையும் எழுத மாட்டார். "பொய்யும் சேத்து எழுதோணும்டா அடுத்த கடைக்கிப் போங்க" என்று வழியும் காட்டுவார்.

போன மாதம் சுமித்ரா வந்தார். றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு இரண்டு மாதத்தில் தலைப்பிரசவம். கூட இருக்கப் போக வேண்டும். முதல் விசா விண்ணப்பம் திரும்பிவிட்டது. பதில் கடிதத்தை ஹப்ஸா தமிழில் வாசித்துக் காட்டினார்: தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை எமக்கு ஏற்படவில்லை.

"திரும்பி வராம அங்க என்னங்க செய்யப் போறேன்? பனியில பால் வெட்டவா?"

"ஒங்கட பேருல வீடு, காணி ஏதும் ஈக்கா?"

"லயத்துல ஒரு காம்பரா இருக்குங்க. அஞ்சு தலமொறையா அதுலதான் இருக்கோம்."

"உறுதிப் பத்திரம்?"

"தோட்டத்து லயத்துக்கு ஏதுங்க உறுதி?"

இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஹிஷாம் தலையை நீட்டினான். "அவங்க கேக்கிறதும் ஞாயம் தானே தாத்தா." இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். "ஊட்டுக்குள்ள யார விடுறதெண்டு ஊட்டுக்காரன் தானே தீர்மானிக்கோணும்."

சுமித்ரா சிரித்துவிட்டார். "தோட்டத்துத் தொரை வந்து காம்பராவத் தொறன்னு சொன்னா நாங்க கதவச் சாத்த முடியாதுங்க தம்பி. வீட்டுக்காரங்களா இருந்து பாத்தாத்தானே அந்த ஞாயமெல்லாம் தெரியும்."

"ஊட்டுக்காரன் கதவ மூடட்டும்," என்றார் ஹப்ஸா. "ஊடு இல்லாதவள்ட ஊட்டு உறுதி கேட்டு மூடுறதுதான் எனக்கு வெளங்கல்ல."

கொஞ்ச நேரத்தில் ஹிஷாம் ஒரு தாளை மேசையில் வைத்தான். யாருடையதோ காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி. பெயர் மட்டும் மாறியிருந்தது. இருபது பேர்ச் காணி, சுமித்ராவின் பெயரில். "யாரு வந்து அளந்து பாக்கப் போறாங்க?"

சுமித்ரா தன் பெயரின் மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இத வச்சா கெடைக்குமாங்க?"

"கெடைக்கலாம்," என்றார் ஹப்ஸா. "புடிச்சாங்கண்டா இனி ஒருநாளும் போக ஏலா."

"உள்ளத எழுதுனா?"

"அதுவும் தெரியா. மறுபடி இல்லண்டும் செல்லுவாங்க."

வெளியே அவிசாவளை பஸ் இரண்டு முறை ஹோன் அடித்துப் புறப்பட்டது. சுமித்ரா விரலை எடுத்துக்கொண்டார்.

"அஞ்சு தலமொறையா ஒரே காம்பராவுலதான் கெடக்கோம், எங்கயும் போகலன்னு எழுதுங்க. திரும்பி வாரதுக்கு அதவிட என்னங்க அத்தாட்சி வேணும்?"

ஹப்ஸா தம்பியைப் பார்க்கவில்லை. உறுதித் தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வெறும் பக்கத்தில் சுமித்ரா சொன்னதைச் சொன்னபடியே எழுதத் தொடங்கினார்.