லாட்ஜிலிருந்து வந்த கட்டில்

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்களிடம் இரண்டு பாய்கள்தான் இருந்தன. அவசரப்படாமல் வருஷத்துக்கு ஒரு சாமானாகச் சேர்த்தோம். முதலில் பீரோ, பிறகு நாற்காலிகள், அப்புறம் மர பெஞ்சு. கட்டில் மட்டும் பாக்கி.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, பிள்ளைகளோடு முதல்முறையாகத் தங்க வருவதாகச் சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது. தீபக் கூட்டத்துக்காகப் புதுக் கட்டில்கள் வாங்கிய ஒரு லாட்ஜில் பழையதைக் கம்மி விலைக்குத் தள்ளிவிட்டார்கள்; ஒன்றை வாங்கி வந்தேன்.

"நாலு நாள் வெயில்ல போட்டுட்டு உள்ள எடு" என்றார் கணவர்.

"மழைக்காலத்துல வெயிலுக்கு எங்க போறது?" என்று துடைத்து விரிப்பைப் போட்டுவிட்டேன்.

தீபத்தன்று விடிந்ததும் பார்த்தால் பிள்ளைகளின் முதுகெல்லாம் தடிப்பு. தலையணை ஓரத்தில் மூட்டைப்பூச்சி ஊர்ந்தது. "தீபம் பாக்கக் கூப்ட்டியா, பூச்சிக்குத் தீனி போடக் கூப்ட்டியா?" என்று அண்ணி என்னை விட்டுவிட்டுத் தம்பியைத்தான் கேட்டார். மலையில் தீபம் ஏற்றுவதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டார்கள்.

கட்டிலின் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றினேன். பூச்சி பெஞ்சுக்கும் பரவியிருந்தது. அதை உடைத்து அடுப்பெரித்தோம்.

மறு வருஷம் அழைக்கப் போனபோது அண்ணி சிரித்தபடியே, "எங்க மாடிலருந்தே தீபம் நல்லாத் தெரியுது. எதுக்கு அலையணும்?" என்றார்.

இப்போது பழைய சாமான் எதுவானாலும் பத்து நாள் வெயிலில் காயாமல் வாசற்படி தாண்டவிடுவதில்லை. கட்டிலில் ஒரு பூச்சி கிடையாது. ஒவ்வொரு தீபத்துக்கும் துவைத்த விரிப்பைப் போட்டு வைக்கிறேன். மறுநாள் கசங்காமல் கிடக்கும் அதை எடுத்து மடித்து வைக்கிறேன்.