தனியாக ஓட்டினால் வரும் சத்தம்

கேரளத்தின் பாலா ஊரில் டாக்ஸி ஓட்டும் குஞ்ஞூட்டிக்குச் சில நாட்களாக இருப்புக்கொள்ளவில்லை. தனியாக ஓட்டும்போது கார் கடகடவென்று சத்தம் போடும். மெக்கானிக் வர்க்கி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் சத்தமே வராது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லடா. உன் காதைப் போய் டாக்டர்கிட்ட காட்டு," என்று வர்க்கி சிரித்தான்.

குஞ்ஞூட்டிக்குச் சோறு இறங்கவில்லை. ஓடும்போது சக்கரம் கழன்றால்? பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியாயிற்றே. ஞாயிற்றுக்கிழமை சாவியை மனைவி ரோசம்மாவிடம் கொடுத்தான்.

"நீ ஓட்டு. நான் டிக்கியில படுத்துக் கேக்கறேன்."

"சர்ச்சுல பூசை முடிஞ்சு ஊரே ரோட்டுல நிக்குது அச்சாயா! பொணத்தைக் கடத்துறேன்னு நினைக்கப்போறாங்க!"

"நினைக்கட்டும். நீ பள்ளமாப் பாத்து விடு."

பின்சீட்டை மடக்கிவிட்டு டிக்கியில் சுருண்டுகொண்டான். முதல் பள்ளத்திலேயே சத்தம் கேட்டது. பின்னாலிருந்து அல்ல, முன்னாலிருந்து. தவழ்ந்து போய்க் கையை நீட்டினான். ஆளில்லாத முன்சீட்டின் பெல்ட்டில் தொங்கிய இரும்பு நாக்கு, கதவோரத் தூணில் மோதிக்கொண்டிருந்தது. யாராவது உட்கார்ந்து பெல்ட் போட்டால் அது எப்படி மோதும்?

இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது.

"இனியாவது சோறு திம்பீங்களா?" என்றாள் ரோசம்மா.

"பேசாம ஓட்டுடி. இன்னொரு பள்ளத்துல விட்டுப் பாப்போம்."