தறி தொடாத நாள்

அமாவாசையன்று எங்கள் ஆரணியில் பட்டுத்தறியை யாரும் தொடுவதில்லை. அப்படி ஓர் அமாவாசையில்தான், பொழுது போகாமல், அந்த விளையாட்டைப் போனில் ஏற்றினேன். மனைவியின் தம்பி, செய்யாறு கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவன்தான், "ஆயிரம் பேரு ஒண்ணா ஆடிகினு கீறாங்க, நீங்களும் வாங்க மாமா" என்று நச்சரித்தான்.

உள்ளே நுழைந்ததும் என்ன தொழில் என்று கேட்டது. வாள்வீரன், மந்திரவாதி, வேடன் எல்லாம் இருக்க, நான் நெசவாளியைத் தேர்ந்தெடுத்தேன். வேறு என்ன எழவு தெரியும் எனக்கு? அங்கே நெசவு என்றால் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இழை அறுவதில்லை, முதுகு வலிப்பதில்லை. நெய்த அங்கியை முகம் தெரியாத எவனோ போட்டுக்கொண்டு சண்டைக்குப் போவான். "சூப்பர்ணா, இன்னொண்ணு" என்று எழுதுவான். நான் நெய்த சேலையைக் கட்டிய ஒருத்திகூட என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அமாவாசைக்குத் தறியத் தொடக்கூடாதுன்னுட்டு, இதுல மட்டும் நெய்யலாமா?"

மறுநாள் தறிக்குழியில் இறங்கியபோதும் போன் மடியில் இருந்தது. அதன்பிறகு எத்தனையோ முறை விளையாட்டை அழித்தேன். அழித்த கையாலேயே மறுபடி ஏற்றினேன்.

எங்கள் சேலையில் கரை இழையை ஓட்டும் நாடாக் கட்டையைப் போட இன்னொரு ஆள் வேண்டும். அது என் மனைவிதான். தினமும் காலையில் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். நாடாவைக் கையில் பிடித்தபடி நான் போனிலிருந்து நிமிர்வதற்காகக் காத்திருக்கிறாள். திட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். இன்று நாடாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"இன்னிக்கும் அமாவாசைங்களா?"