பேச்சு நின்ற வீடு

பேருந்து நிலையத்தில் வருஷக்கணக்காக அறிவிப்பு சொன்னவள் அவள். புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினிதான் அவளுக்கு வாய். அவள் அடிப்பதை அது உரக்கப் படிக்கும். கணவருக்குக் கண் தெரியாது. எழுதிக் காட்டிப் பயனில்லை. அதனால் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கணினியில் சத்தம் நின்றதும், வீட்டில் பேச்சே நின்றுபோனது.

பக்கத்து வீட்டுக்காரி வழி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை இருவரும் நூலக மாடியில் கூடும் லினக்ஸ் பயனர் குழுவுக்குப் போனார்கள். கணவர்தான் விஷயத்தைச் சொன்னார். "சண்டை போடக்கூட வழியில்லாம உக்காந்திருக்கோம் தம்பி," என்று சிரிக்கப் பார்த்தார்.

குழுவிலிருந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் கணினியை வாங்கி ஒலி அமைப்பைத் திறந்தார். சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல், இணைக்கவே இணைக்காத ஒரு டிவிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "ஏதாவது அடிச்சுப் பாருங்கக்கா," என்றார்.

அவள் ஒரே ஒரு சொல் அடித்தாள். "ஏங்க," என்றது கணினி.

"சொல்லும்மா," என்றார் கணவர் சட்டென்று, அத்தனை பேர் நடுவில். பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் அவர் தோளில் கை வைத்தாள். பிறகு மறுபடி அடித்தாள். "தம்பி, பழையபடி கெடுத்து வைங்க. நானே சரிபண்ணிப் பாக்கறேன். இன்னொரு தடவை நின்னா, இவர் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாது," என்று கணினி சொன்னது.

பட்டறைக்காரர் மாற்றி வைத்தார். முதலில் அவள் தவறான இடத்தில் அழுத்தினாள். அடுத்த தடவை சத்தம் வந்தது.