தாயைப் பார்க்காமல் வாங்கிய குட்டி

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு அட்டையில் குறித்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. அப்படிப்பட்ட நான் ஒரு நாய்க்குட்டியின் தடுப்பூசி அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள்தான் செல்போனில் அந்த லாப்ரடார் குட்டியின் படத்தைக் காட்டினாள். விற்பவரை அழைத்து, வீட்டுக்கே வந்து பார்க்கிறோம் என்றேன்.

"எதுக்கும்மா அலையுறீங்க? தாராசுரம் பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுங்க, நானே கொண்டாந்து தரேன்."

அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டியில், பழைய துண்டுக்குள் குட்டி உறங்கிக்கொண்டிருந்தது. மகள் அதைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள் காலையில் வாந்தி எடுத்தது. மாலைக்குள் ரத்தமாகப் போயிற்று. கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"நாப்பது நாள்கூட ஆகியிருக்காதேம்மா. இது குட்டிங்களுக்குள்ள பரவுற தொத்து நோய். தாயைப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

அட்டையை அப்போதுதான் பிரித்தேன். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, கையெழுத்து இல்லை. முதல் ஊசி போட்டதாக எழுதியிருந்த தேதியில் குட்டி பிறந்தே சில நாள்தான் ஆகியிருக்கும். மருத்துவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டது. என் கணவர் எங்கள் வயலை ஒட்டிய மேட்டில் குழி தோண்டிப் புதைத்தார். வீடு திரும்பும்போது மகள் கேட்டாள்: "கூடப் பொறந்ததுங்கல்லாம் யார் வீட்டுலம்மா இருக்கும்?"

மறுநாளே விசாரித்துக்கொண்டு விற்றவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கூண்டு. உள்ளே தாய் நாய். விலா எலும்புகள் தெரிந்தன. மடி தொங்கிக் கிடந்தது. புது ஆளைப் பார்த்தும் அது குரைக்கவில்லை.

"இது எத்தனாவது ஈத்துங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "வேலை போனதுலேருந்து இதாங்க பொழப்பு. எண்ணி வச்சிக்கலம்மா."

மற்றக் குட்டிகளை வாங்கியவர்களின் போன் எண்களை மட்டும் கேட்டேன். கொடுத்தார். அங்கேயே நின்று அழைத்தேன். முதல் வீட்டில் குட்டி முந்தின நாளே இறந்திருந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு பெண் எடுத்தார். "காலையிலேருந்து கக்குதுங்க. சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சோம்" என்றார். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றேன். அந்தக் குட்டி பிழைத்தது.

ஒரு வருடம் கழித்து, திருவையாறு பக்கம் நாய் வளர்க்கும் ஒரு அம்மாளைப் பார்க்க மூவரும் போனோம். இந்த முறை குட்டிகளுக்கு முன்னால் தாய் எங்களிடம் வந்து, கையை மோப்பம் பிடித்து, மகளின் காலடியில் படுத்துக்கொண்டது. அட்டையில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மாதம் ஆகாமல் குட்டியைத் தர மாட்டேன் என்றார் அந்த அம்மாள். பிறகு கேட்டார்:

"பகல்ல வீட்டுல யாருங்க இருப்பா?"

நான் சுகாதார நிலையத்தில். கணவர் வயலில். மகள் பள்ளி முடிந்து டியூஷன் போய் வர இருட்டிவிடும். இதை எங்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

நான் ஏதாவது சமாளித்திருப்பேன். அதற்குள் மகள் எழுந்துவிட்டாள்.

"யாரும் இருக்க மாட்டோம் ஆன்ட்டி," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வேணாம்மா, போலாம்."

தாய் நாய் வாசல் கேட்வரை அவள் கூடவே வந்தது.