வண்டி நிற்கிற இடம்

முன்னால் போன லாரியின் நனைந்த தார்ப்பாய் வாசம் காருக்குள் வந்ததும் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எழுபதுகளில், கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் அந்தச் சின்னச் சாலையின் குறுக்கே செக்போஸ்ட்காரர்கள் ஒரு மூங்கிலைப் போட, அதன் முன்னால் மணிக்கணக்காக நின்ற லாரிகளுக்காக டீக்கடையும் பஞ்சர் கடையும் அம்மாவின் இட்லிக் குண்டாவும் வந்து சேர்ந்து, அதுவே ஊராகிவிட்டது.

"இது எந்த ஊருங்க?" என்று கேட்கும் டிரைவர்களிடம், புகையில் எரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சொல்வாள்: "ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க. வண்டி நிக்கற எடமுங்க." மூங்கில் கிறீச்சிட்டு உயர்ந்து லாரிகள் கிளம்பினால் அவள் முகம் வாடிவிடும்.

இப்போது கார் அந்த இடத்துக்கு வந்தபோது செக்போஸ்டை எடுத்துவிட்டிருந்தார்கள்; மூங்கிலும் இல்லை, கடைகளும் இல்லை.

"இங்க நிறுத்தோணுங்களா?" என்றார், நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதைக் கண்ட கார் டிரைவர்.

அலுப்பாக இருந்தது. "வேண்டாங்க, போலாம்" என்றேன்.