மூன்றாம் தரத்தில் விழுந்த பல்

மீன் கவிச்சியோடு கிராம்புத் தைலம் கலந்தால் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயதான ஆண்டின் தவக்காலம் முழுவதும், தருவைகுளத்தில் எங்கள் வீட்டுக் 'குசினி'யில், அதாவது அடுக்களையில், அந்த வாடைதான் நின்றது. அம்மா வாயைத் திறந்தால் கிராம்பு. கையை நீட்டினால் மீன். பக்கத்து வீட்டுக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நலம் விசாரித்தார்கள்.

அம்மா கரையில் ஏலம் கூறுகிறவள். அது அப்பா செய்த வேலை. அவர் காய்ச்சலில் போன பிறகு, "பொம்பள கூறினா எவன் கேப்பான்?" என்று கரையில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்று கூறினாள், கேட்டார்கள். மத்தியானம் வள்ளங்கள் கரை சேர்ந்து, மீனை மணலில் குவியல் குவியலாகத் தட்டியதும், சுற்றி நிற்கிற வியாபாரிகளின் தலையசைப்பையும் விரல் மடக்கலையும் பார்த்தபடியே விலையை ஏற்றிக்கொண்டு போவாள். விலை நின்றதும் "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, மூன்றாம் தரத்தை அரிவாளால் வெட்டினாற்போல் நிறுத்துவாள். அதன் பிறகு குவியல் எடுத்தவனுடையது. உள்ளே எது கிடந்தாலும் அவனுடையது. ஒரு தடவை கலப்பு மீன் குவியலுக்கு அடியிலிருந்து நல்ல பெரிய சிங்கி இறால் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு புறப்பட, மூன்றாம் தரத்துக்கு முன்னாலேயே அதைத் தான் பார்த்துவிட்டதாக வள்ளக்காரர் பாய்ந்து வந்தார். அம்மா அசையவில்லை. "சந்தேகம் வந்தா எடுத்தவன் பக்கம். எங்க வீட்டுக்காரரு காலத்துலயே அதான்" என்று முடித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு ஒரு நாள், கரையேற்றிக்கொண்டிருந்த வள்ளத்தை அலை திருப்பியடித்ததில், துடுப்பின் பிடி அம்மாவின் முகத்தில் மோதியது. மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று மணலோடு போயிற்று. மற்றது பாதியாக ஒடிந்து நின்றது. அழகு போயிற்றே என்று அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. 'தரம்' வரவில்லை என்றுதான் அழுதாள். நீங்களும் சொல்லிப் பாருங்கள்: அந்தச் சொல்லைத் தொடங்க நாக்கு நுனி மேல்பல்லில் போய் முட்டவேண்டும். முட்ட இடமில்லாவிட்டால் காற்றுதான் வரும். கரையில் குஞ்சு குளுவான் வரைக்கும் அந்தக் காற்றை ஊதிக் காட்டிச் சிரித்தது. நானும் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் தோழிகளோடு சேர்ந்து அப்படி ஊதினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

ஏலம் கூறுகிறவரைப் பார்த்து யாராவது சிரித்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் வள்ளக்காரர்கள் ஆளை மாற்றுவார்கள். மாற்றாளும் தயாராக இருந்தார். சூசை பெரியப்பா, அதாவது அப்பாவின் பெரியப்பா மகன், இந்த வேலை தனக்கு வந்திருக்க வேண்டியது என்று கடைசிவரை நம்பிய மனிதர். "ஏளா, நீ வீட்டுல இரி. நான் கூறுதேன்" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

டவுன் பஜாரில் பல் கட்டுகிற ஒருவரிடம் போய், ரோஸ் நிறத் தகட்டில் ஒரு பல் பதித்து, கம்பியால் மாட்டிக்கொள்கிற 'செட்டு' ஒன்று வாங்கி வந்தாள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. எட்டாம் நாள், சாயர்புரத்திலிருந்து சைக்கிளில் வந்து மீன் எடுத்துப்போகும் செல்லத்துரை அண்ணாச்சிக்கு ஒரு சாளைக் குவியல் படிந்தது. "மூணு தரம்!" என்று அம்மா வெட்டிய வேகத்தில், தகடு வாயிலிருந்து தாவிக் குவியலுக்குள் போய் விழுந்தது.

கரை சிரித்த சிரிப்பை நான் எழுதப்போவதில்லை. செல்லத்துரை அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் குனிந்து, மீனை விலக்கித் தகட்டை எடுத்து, வேட்டியில் துடைத்து நீட்டினார். அப்போதுதான் கூட்டத்திலிருந்து சூசை பெரியப்பா கேட்டார்: "குவியல்ல கெடந்தா எடுத்தவனுக்குத்தான? சிங்கி றாலுக்கு அப்படித்தான சொன்ன?"

"போங்க வே, அது மீனா?" என்றார் அண்ணாச்சி.

அம்மா கையை நீட்டவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, காற்றும் சொல்லுமாகச் சொன்னாள்: "தரத்துக்கு முந்தி விழுந்துதா பிந்தி விழுந்துதான்னு எனக்கே தெரியல, அண்ணாச்சி. சந்தேகம் வந்தா எடுத்தவன் பக்கம். அது ஒங்களுக்கு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா வாங்கவே இல்லை. கடைசியில் அந்தப் பாவப்பட்ட மனிதர், அடுத்தவள் பல்லையும் கூடையில் வைத்துக்கொண்டு சாயர்புரத்துக்குச் சைக்கிள் மிதித்தார். மீதி மூன்று குவியலையும் அம்மா பொக்கை வாயோடு கூறி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே வள்ளக்காரர்கள் கூடிப் பேசி, பாஸ்கு வரைக்கும் சூசை கூறட்டும், அதற்குள் இவளுக்கு வாய் சரியானால் பார்க்கலாம், இல்லையென்றால் சூசையே நிரந்தரம் என்று சொல்லியனுப்பினார்கள். பாஸ்கு என்றால் எங்கள் பக்கத்தில் ஈஸ்டர். ஆறு வாரந்தான் இருந்தது.

மறுநாள் காலை வேம்பாரிலிருந்து வரும் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். இந்தத் தடவை பஜார் ஆள் இல்லை. படித்த பல் டாக்டர், நாசரேத்துக்காரர், சாந்தமான குரல். "திரும்பக் கழலவே கூடாது" என்று அம்மா கேட்டதற்கு, அவர் ஒரு காகிதத்தில் மூன்று பல் வரைந்து காட்டினார். நடுவில் இல்லாத பல். ஒரு பக்கம் ஒடிந்த பல், மறுபக்கம் நல்ல பல். இரண்டையும் சீவி, அவற்றின் மேல் உறை போட்டு, நடுப்பல்லை அந்த உறைகளோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தவேண்டும். இதற்குப் பெயர் 'பிரிட்ஜ்' என்றார்.

"நல்ல பல்லையுமா சீவணும்?"

"ஆமாம்மா. சீவினா சீவினதுதான், திரும்ப வளராது. யோசிச்சு அடுத்த வாரம் வாங்க."

அம்மா நாக்கால் அந்த நல்ல பல்லை ஒரு தரம் தடவிப் பார்த்தது மேலுதட்டில் தெரிந்தது. "யோசிச்சிட்டுத்தான் பஸ் ஏறுனேன். சீவுங்க" என்றாள்.

அதற்கான செலவை எப்படிச் சமாளித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினாள். வாரம் ஒரு நாள் போனோம். ஒடிந்த பல்லின் நரம்பை எடுத்தார்கள். கிராம்புத் தைலப் பஞ்சு வைத்து அனுப்பினார்கள். சக்கரத்தில் கயிறு ஓடும் மெஷினால் இரண்டு பல்லையும் குச்சியாகும்வரை சீவினார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், நாற்காலி நுனியில் அம்மாவின் கால்விரல்கள் மடங்கி மடங்கி விரிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாவுபோல் எதையோ வாயில் திணித்து அச்செடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஊரில் சூசை பெரியப்பாவின் குரல் கரையிலிருந்து வீடுவரை கேட்கும். அந்நேரம் அம்மா 'குசினி'க்குள் போய் எதையாவது 'டம்' 'டம்' என்று இடிப்பாள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்து பிரிட்ஜ் வந்தது. பொருத்திப் பார்த்த டாக்டர், "ஏதாவது பேசுங்கம்மா" என்றார். பேச என்ன இருக்கிறது? அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத ஒரு குவியலைக் கூற ஆரம்பித்துவிட்டாள். "எட்டு ரூவா... எட்டு ரூவா... எட்டே கால்..." வெளியே பெஞ்சியில் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்த ஒருவர் தன்னை மறந்து "எட்டரை!" என்று கத்தினார். டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடியே நழுவியது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. "'த' தடிக்கிது டாக்டரு. கொஞ்சம் கொறைங்க" என்றாள். அவர் கழற்றி விளிம்பைத் துளி தேய்த்தார், மாட்டினார், அம்மா கூறினாள், மறுபடி தேய்த்தார். ஐந்தாவது முறைதான் அம்மா தலையை ஆட்டினாள். அதன் பிறகே சிமெண்டு வைத்து ஒட்டினார்.

பாஸ்கு முடிந்து செவ்வாய்க்கிழமை வள்ளங்கள் வந்தன. குவியலுக்கு ஒரு பக்கம் சூசை பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபக்கம் அம்மா போய் நின்றாள். யாரையும் அனுமதி கேட்காமல் முதல் விலையைக் கூறினாள். குரல் பழைய குரல். ஆனால் ஒருவரும் பதில் விலை கேட்கவில்லை. எல்லாரும் பெரியப்பாவின் முகத்தையே பார்த்தார்கள். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கூறும் ஏலத்தில் விலை கேட்டுவிட்டால், அவரை ஏலக்காரராக ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கேட்காமலே நின்றுவிட்டால், அவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அம்மா அதே விலையை இரண்டாவது முறை கூறினாள். மூன்றாவது முறையும் கூறினாள்.

சூசை பெரியப்பா கட்டிய கையை அவிழ்த்தார். "கால் ரூவா கூட" என்றார்.

செல்லத்துரை அண்ணாச்சி அதற்கு மேலே கேட்டார். அப்புறம் கரை முழுக்கச் சத்தம். பெரியப்பாவிடம் வீட்டில் பெரியம்மா சண்டை பிடித்ததையும், அதற்கு அவர் சொன்ன பதிலையும் பின்னால் கேள்விப்பட்டேன்: "ஆறு வாரம் நான் கூறுனேன், குவியலுக்கு ஒரு சண்டை. வாயில கெடந்த பல்லையே தூக்கிக் குடுத்தவ கிட்ட எவம்ளா சண்டைக்கு நிப்பான்?"

அம்மா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் கூறினாள். அந்தப் பிரிட்ஜ் கழலவே இல்லை. அதோடுதான் அடக்கம் செய்தோம். இன்று அந்தக் கரையில் ஏலக்குரல் கிடையாது. மீன் தராசில் ஏறுகிறது. படகு கரைக்கு வருமுன்பே கம்பெனிக்காரனின் விலை செல்போனில் வந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் யார் பக்கம் என்று கேட்க ஆளும் இல்லை, சொல்ல ஆளும் இல்லை.

போன மாதம் எனக்கு முன்பல் ஒன்று விழுந்தது. இளம் டாக்டர் பெண், படத்தைக் கணினியில் காட்டி, "இந்த வயசுல எதுக்கும்மா சிரமம், கழட்டி மாட்டுறதே போதுமே" என்றாள். நான் ரிட்டயரான டீச்சர், தனியாக இருப்பவள். ஒரு நாளைக்கு நான் பேசுவதே பால்காரரிடமும் செடிகளிடமுந்தான். "பிரிட்ஜே கட்டிக் குடு, தாயி" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.